குறை சொல்லாத நாள்

எனக்கு வெந்நீரில் குளித்தால்தான் குளித்த மாதிரி இருக்கும், ஐயா. அது ஒன்றும் பேராசை இல்லையே.

அந்த ஓட்டலில் குழாயைத் திறந்துவிட்டு வெந்நீருக்குத் தவம் கிடக்க வேண்டும். ஒரு காலத்தில் யாரோ பிரபுவின் மாளிகையாம். லிஃப்ட் கிடையாது. கட்டிலில் ஏற முக்காலி வேண்டும். கதவை லேசில் சாத்த முடியாது, சாத்தினால் திறக்காது. நான் புரண்டு படுத்தால்கூடத் தரைப்பலகை முனகியது. எதைச் சொன்னாலும் என் மனைவி ஒரே பதில்தான் வைத்திருந்தாள். அதுதான் இந்த இடத்தின் அழகாம்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், எங்கள் தலையில் கட்டிய ஓட்டைக் காரையும் அழகு என்றவள் அவள். இந்த ஓட்டலைப் பிடித்துக் கொடுத்ததும் அதே மச்சான்தான். நான் உள்ளதைச் சொன்னால் குறை, அவள் இல்லாததைச் சொன்னால் ரசனை. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் காலைச் சாப்பாட்டின்போது, சர்வர் பக்கத்தில் நிற்கும்போதே கேட்டாள். "இன்னைக்கு ஒரு நாளாவது எதையும் குறை சொல்லாம இருங்களேன். உங்களால முடியாதுங்க."

சர்வர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார். எனக்கு முகம் செத்துவிட்டது. முடியும் என்று வாக்குக் கொடுத்தேன்.

அறைக்கு வந்ததும் அவள் குளிக்கப் போனாள். அப்போது ஓட்டல் தச்சர் வந்தார். எங்கள் பால்கனியின் மரக் கைப்பிடி உளுத்துப்போயிருந்தது. அதை நெருங்க முடியாதபடி குறுக்கே சிவப்புக் கயிறு கட்டினார். புது மரம் போட்டால் என்ன என்று கேட்டேன். கேட்டதுதான், குறையாகச் சொல்லவில்லை. பழைய மரம் போன இடத்தில் அதே வயதுள்ள மரத்தைத்தான் வைப்பார்களாம், இன்னும் கிடைக்கவில்லையாம். சாயங்காலம் எங்களுக்கு வேறு அறை தருவார்களாம்.

போகும்போது சொன்னார். "அம்மாகிட்டயும் சொல்லிடுங்க சார். சாஞ்சா அவ்வளவுதான்."

நியாயமாக யோசித்துப் பாருங்கள். கைப்பிடி சரியில்லை என்று நான் வாயைத் திறந்தால் அது குறையா, இல்லையா? அவள் கைதட்டிச் சிரித்திருப்பாள். உடனே மச்சானுக்குப் போன் போயிருக்கும்.

ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, பால்கனியில் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். அதற்குள் நான் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி என் பையில் வைத்திருந்தேன். படத்தில் கயிறு விழுந்தால் அழகு கெட்டுவிடும். நீங்கள் பையிலிருந்து எடுத்தது அதைத்தான்.

அவள் விறைப்பாக நின்றாள்.

"கொஞ்சம் பின்னால சாஞ்சுக்கோ," என்றேன்.

"இன்னைக்குத்தான் நீங்க நல்லா இருக்கீங்க," என்று சிரித்தபடி சாய்ந்தாள்.

கீழே கருங்கல் முற்றம். அதுவும் அந்தக் காலத்துக் கல்தான்.

ஆமாம், கயிற்றை அவிழ்த்தது நான். சாயச் சொன்னதும் நான். விழட்டும் என்றுதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அன்றைக்கு நான் ஒரு குறைகூடச் சொல்லவில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னால், உங்கள் எழுத்தர் பேனாவை மூடிவிடுகிறார். இது சரியில்லை, ஐயா. இதைச் சொன்னாலும் குறை சொல்கிறான் என்பீர்கள்.