கடைசி மடக்கு

நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். மலையில் ஒற்றையடிப் பாதை. நிலா இல்லை, காற்று இல்லை... குளிர் மட்டும் இருந்தது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள். இது என்னோடு வேலை பார்ப்பவனின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. அவர் வயர்மேன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். கோபப்பட மட்டும் நன்றாகத் தெரியும்.

மலையில் வழி தவறியவர்களைத் தேடிப் போகும் மீட்புக் குழுவில் சேர வேண்டும் என்பது அவருக்கு ஒரு பித்து. அதற்கு ஒரு பயிற்சி நடை உண்டு. கடுங்குளிரில் ராத்திரி முழுக்க வரிசையாக நடந்து, விடியும்போது உச்சியில் இருக்கும் குடிசைக்குப் போய்ச் சேர வேண்டும். முதல் தடவை பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொண்டு போனார். வேர்வையில் நனைந்து, விறைத்து, கால் மரத்து... ஃபெயில். அடுத்த தடவை ஒரு மரக்கட்டையைப் பார்த்து "ஆளு, ஆளு" என்று கத்தி மொத்த வரிசையையும் நிறுத்தினார். அதுவும் ஃபெயில். மூன்றாவது தடவைக்கு மேல் யாருக்கும் வாய்ப்புக் கிடையாது. "இதுலயும் கோட்டை விட்டீங்கன்னா, எங்க அக்கா உங்களை வீட்டுக்குள்ள விடாது அத்தான்" என்று மச்சான் கிண்டல் செய்துதான் அனுப்பினான்.

இந்த முறை பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் அவரை வரிசையின் வாலாகப் போட்டார். வால் என்றால் எல்லோருக்கும் பின்னால் வருகிற ஆள். "உனக்கு ஒரே வேலைதான். உனக்குப் பின்னாடி ஒருத்தரும் இருக்கக் கூடாது" என்றார் மாஸ்டர்.

வாலுக்கு வாய்த்ததெல்லாம் எரிச்சல்தான். அவருக்கு முன்னால் ஒரு பேங்க்காரர். நாலு எட்டு வைப்பதற்குள் ஷூ லேஸ் கட்டக் குனிந்துவிடுவார். அவர் குனிந்தால் வயர்மேன் நிற்க வேண்டும். நின்றால் முதுகு வேர்வை ஐஸாகிவிடும். "வேர்க்க விடாதே, வேர்த்தா நிக்காதே" என்று பாடம் எடுத்ததும் இதே மாஸ்டர்தான்! டார்ச் போடக் கூடாது, கண் இருட்டுக்குப் பழக வேண்டும் என்று இன்னொரு சட்டம். இதையெல்லாம்விட அந்த ஃபிளாஸ்க்...

வரிசை நிற்கும்போதெல்லாம் ஒரு ஃபிளாஸ்க் டீ முன்னாலிருந்து பின்னால் வரும். யாரும் திரும்பக் கூடாது. ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தோளுக்கு மேலே பின்னால் நீட்ட வேண்டும். வால் மிச்சத்தைக் குடித்துவிட்டு "ஆச்சு" என்று குரல் கொடுத்தால்தான் வரிசை நகரும். வயர்மேனுக்கு வந்து சேர்ந்ததெல்லாம் ஆறிப்போன அடிக்கசடு. அதில் பேங்க்காரரின் எச்சில் வேறு.

பாதி வழியில் ஒரு நிறுத்தம். ஃபிளாஸ்க் வந்தது. குலுக்கிப் பார்த்தார். ஒரு மடக்குகூடத் தேறாது. அவருக்கு வயிறு எரிந்தது. "எனக்குன்னு எப்பதான் சூடா வரப்போகுதோ..." என்று முணுமுணுத்தபடி, வெறுத்துப்போய், எல்லோரையும் போல அவரும் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார். "இந்தா, நீயும் குடி."

கை லேசானது.

யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

மடக்... மடக்... என்று தொண்டையில் இறங்கும் சத்தம். வெகுநாள் காயாமல் மூட்டையில் கிடந்த ஈரக் கம்பளி நாற்றம். பிறகு காதோரமாக, சாவகாசமாக...

"ஆச்சு."

வரிசை நகர்ந்தது.

ஃபிளாஸ்க் அவர் கைக்குத் திரும்ப வந்திருந்தது. சட்டென்று திரும்பினார். வெறும் பாதை. வெள்ளையாய் உறைபனி... அதில் வரிசை வந்த ஷூ தடங்கள், எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக இவருடையது. கத்தலாமா? கத்தினால், "மறுபடியும் மரக்கட்டையா?" என்று பேங்க்காரர் சிரிப்பார். மாஸ்டர் அங்கேயே ஃபெயில் போடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். அவர் கால் பட்டு உறைபனி நறுக், நறுக் என்றது. அவர் நின்ற பிறகும் ஒரு... நறுக்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் தோளில் லேசாக ஒரு தட்டு. நீட்டினார். வேறென்ன செய்வார்? விடியும்வரை "ஆச்சு" சொன்னது அவர் இல்லை.

குடிசைக்குள் ஸ்டவ் எரிந்தது. மண்ணெண்ணெய் வாசனை. எல்லோரும் உள்ளே வந்ததும் மாஸ்டர் அவரைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார்.

"ஃபெயில்."

"ஏன் மாஸ்டர்? நான் யாரையும் விட்டுட்டு வரலையே!"

"நீ வாலா வரலை. பாதி ராத்திரிக்கு மேல 'ஆச்சு' சொன்னது உன் குரலே இல்லை."

"கேட்டுச்சுல்ல? அப்ப ஏன் சும்மா இருந்தீங்க?" வயர்மேன் கத்தினார். ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. "இது என் கடைசி வாய்ப்பு மாஸ்டர்!"

மாஸ்டர் போய்க் கதவைத் தாழிட்டார்.

பேங்க்காரர் பாவம் பார்த்து, புதிதாய்ப் போட்ட டீயை ஃபிளாஸ்க்கோடு முதலில் வயர்மேனிடம் கொடுத்தார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த முதல் சூடான டீ. கோபம் தலைக்கேறி, யாருக்கும் மிச்சம் வைக்காமல் மொத்தத்தையும் குடித்தார். "ஆச்சு!" என்று சுவர் அதிரச் சொன்னார்.

கதவுக்கு வெளியே, வாசற்படி பக்கத்திலிருந்து...

"எனக்கு இன்னும் வரலை."

மாஸ்டர்தான் எழுந்தார். ஃபிளாஸ்க்கை மறுபடி நிரப்பி வயர்மேனிடம் நீட்டினார். "நீ பழக்கினது. நீயே குடு."

கதவை ஒரு சாண் திறந்து, படியில் வைத்துவிட்டு, படீரென்று சாத்தினார் வயர்மேன்.

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கதவைத் திறந்தார்கள். ஃபிளாஸ்க் வைத்த இடத்திலேயே நின்றது. மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. வெளியே, வெயில் பட்டுச் சூடேறிய எவர்சில்வரில், ஐந்து விரல் பற்றிய இடத்தில் மட்டும் உறைபனி உருகாமல் இருந்தது.

மாஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வயர்மேனைக் காட்டினார். "கிளம்புங்க. இறங்கும்போதும் அவன்தான் வால்."

"நான்தான் ஃபெயிலாச்சே மாஸ்டர்... வேற யாரையாவது போடுங்க."

"அதுக்கு உன்னைத்தானே தெரியும்."