பூஜைக்குப் போய் வந்த கீபோர்டு

வேலை முடிந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் போகிற ரயிலில், எனக்கு முன்னால் நின்ற பெண் தன்னோடு வந்த அக்காவிடம் சொன்னாள்:

“சாமி கும்பிட்டது தப்பில்லக்கா. கும்பிட்டு முடிச்சு மாத்தி எடுத்துக்கிட்டதுதான் தப்பு.”

“எதை?”

“கீபோர்டை. ஆயுத பூஜைக்கு ஆபீஸ் கீபோர்டு எல்லாத்தையும் ஒரே மேசையில வெச்சு சந்தனம் பூசுனோம். எல்லாமே வயர்லெஸ், ஒரே கறுப்பு லா. பாஸோடது என்கிட்ட வந்துருச்சு, என்னோடது அவர்கிட்ட போயிருச்சு.”

“போனா என்ன?”

“அது முதல்ல சேர்ந்த கம்ப்யூட்டரைத் தவிர வேற எதுகூடவும் சேராதாம். அதுதான் சேஃப்டியாம். நான் ஸ்கிரீனைப் பார்க்காம கீழ பார்த்தே அடிக்கிறவ. ‘நம்ம சிடுமூஞ்சி எங்க தீபாவளி லீவு குடுக்கப்போறாரு’ன்னு பக்கத்து சீட்டு கலாவுக்கு அடிச்சேன். அது பாஸ் ஸ்கிரீன்ல வந்துருக்கு.”

“ஐயோ. திட்டினாரா?”

“இல்லக்கா. கண்ணாடி ரூம்ல எந்திரிச்சு நின்னு என்னையும் கீபோர்டையும் பார்த்தாரு. அப்புறம் உட்கார்ந்து அவரும் அடிச்சாரு. அது என் ஸ்கிரீன்ல வந்துச்சு.”

“என்னன்னு?”

“‘லீவு எடுத்துக்க. கீபோர்டை வெச்சுட்டுப் போ.’”