வெர்னனின் ஆறு மாலுமிகள்

காலையில் ஒரு காபியும் ஒரு டோனட்டும் உள்ளே போய்விட்டால் போதும், அப்புறம் நான் யாரிடமும் முகம் சுளிக்க மாட்டேன். நம் வின்னிபெக் அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும், ஜோசியானா, அவள் குரலை உயர்த்திப் பார்த்ததே இல்லை என்பார்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். நம்முடைய இணையக் கப்பல் விளையாட்டில் வாய்க்கு வந்தபடி ஏசுகிறவர்களை அடக்குவது. வெளியே தள்ளினால் பத்தே நிமிடத்தில் வேறு பெயரில் வந்து இரண்டு மடங்கு ஏசுவார்கள். அதனால் சத்தமில்லாமல் வாயைக் கட்டுவோம். அவர்கள் எழுதுவது அவர்கள் திரையிலும் என் திரையிலும் மட்டும் தெரியும். கட்டியிருக்கிறோம் என்று சொல்லவும் மாட்டோம்.

வெர்னன் ஹலுக், பிராண்டன்காரர், தானிய லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். புதிதாக வந்த ஒருவனிடம், "உன்னைய மாதிரி தண்டத்தக் கடல்ல போட்டா மீன்கூடத் தொடாதுடா" என்று எழுதினார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விதி விதிதான். மூன்று நாள் கட்டினேன்.

மூன்று வருடமாக அவரோடு ஒரே கப்பலில் ஓடிய கூட்டாளிகள் கேட்டார்கள்.

"என்னய்யா வெர்ன், கோவமா?"

"இல்லப்பா, இங்கதான இருக்கேன்!"

"தொரை பேச மாட்டாராம். விடு லொரெய்ன்."

"ஏய், பேசிக்கிட்டுதானே இருக்கேன்! கண்ணு அவிஞ்சா போச்சு?"

அடடா, காபி மூக்கில் ஏறிவிட்டது எனக்கு. மூன்றாம் நாள், "தயவுசெஞ்சு யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று எழுதினார். அந்த விளையாட்டில் யாரும் தயவுசெய்து என்று எழுதி நான் பார்த்ததே இல்லை. புல்லரித்துப் போனேன். இவ்வளவு திருந்திய மனிதரை அவிழ்த்துவிட்டுக் கெடுக்கச் சொல்கிறீர்களா? கட்டு அப்படியே இருந்தது. அடுத்த வாரம் கூட்டாளிகள் எல்லோரும் வேறு கப்பலுக்குப் போய்விட்டார்கள்.

அவர் தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. ஆறு மாலுமிகளை உண்டாக்கி அவர் கப்பலில் ஏற்றினேன். ஆறு பேரும் நானே. ஐயோ, என்ன குஷி தெரியுமா! பேர்ல் வம்பிழுப்பாள், டக் முறைத்துக்கொள்வான், வெர்னன் மெனக்கெட்டுச் சமாதானம் செய்துவைப்பார். எட்டு மாதம் நான் அலுவலகத்துக்கு ஏறக்குறைய ஓடியே வந்தேன். "நீங்க மட்டும் இல்லேன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்" என்று எழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்ச்சில் அவருடைய அறுபத்தைந்தாவது பிறந்தநாள். ஊரில் கர்லிங் விளையாடுகிறவர்களின் சங்கக் கூடத்தை வாடகைக்கு எடுத்திருப்பதாகவும், ஆறு பேருக்கும் தன் கையாலேயே பெரோகி கொழுக்கட்டை செய்யப் போவதாகவும் எழுதினார். வர முடியாது என்றால் மனம் உடைந்துவிடாதா? ஆறு பேரும் வருவதாகச் சொன்னார்கள். கேக் யார் கொண்டுவருவது என்று பேர்லும் டக்கும் பெரிய சண்டையே போட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை நானும் இரண்டரை மணி நேரம் காரோட்டிப் போய், எதிர்ப்பக்கம் நிறுத்தி வேடிக்கை பார்த்தேன். தலையை அவ்வளவு அழகாகச் சீவியிருந்தார். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு காகிதத் தொப்பி. பனி உள்ளே கொட்டக் கொட்ட, நான்கு மணி வரைக்கும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார். திரும்பும்போது வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எழுதினார் பாருங்கள். "மனுசங்களாடா நீங்க? நாய்க்குக்கூட இப்படிச் செய்வானா ஒருத்தன்?" மற்றதையெல்லாம் உங்கள் முன்னால் சொல்லக் கூசுகிறது. பேர்ல் ஒரு பெண் என்றுகூடப் பார்க்கவில்லை. ஆறு பேரும் புகார் எழுதினார்கள். முறைப்படி விசாரித்து அவரை நிரந்தரமாக நீக்கினேன். வேறு பெயரில் வருவாரா என்று தினமும் பார்க்கிறேன். இதுவரை வரவில்லை.

நீங்களே சொல்லுங்கள். ஆறு பேர் மனம் புண்பட்டு நிற்கும்போது, அந்த ஒருவருக்காக நான் பாரபட்சம் காட்ட முடியுமா?