வரிசையில் நின்ற திருத்தம்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, ஐயா. அதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லை.

மின்னணுக் கருவிகளில் இருக்கும் சிப் என்ற சில்லுக்குள் எது எப்போது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஒரு மொழி இருக்கிறது. அதன் விதிகளைச் சொல்லும் தடிமனான தரநிலைப் புத்தகமும் இருக்கிறது. வாங்கியவர்கள் பலர், புரட்டியவர்கள் சிலர். அந்த மொழிக்கு இணையத்தில் விவாதக் குழு தொடங்கியவன் நான். பன்னிரண்டு வருடமாகிறது. யார் எழுதினாலும் முதலில் என்னிடம் வரும். நான் அனுமதித்தால்தான் மற்றவர் கண்ணில் படும். சந்தை இரைச்சல் கூடாது என்று வைத்த ஏற்பாடு. அதில் ஒரு சுவாரசியமும் உண்டு. கேள்வியை வைத்தே யார் எந்தக் கம்பெனியில் என்ன செய்கிறார், யாருக்கு மேலாளரிடம் திட்டு விழுகிறது என்று சொல்லிவிடுவேன்.

"ஜன்னல்ல நின்னு தெருவைப் பார்த்தா அசிங்கம்னு இதை ஆரம்பிச்சீங்களா?" என்பாள் என் மனைவி.

குழுவின் முகப்பில் நான் எழுதிய பத்து மாதிரி நிரல்கள் உண்டு. புதிதாக வருபவர்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது, மின் துடிப்புகளை எண்ணும் நிரல். மின்சாரம் வந்ததும் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரும் வரி அதில் விட்டுப்போயிருந்தது. கணினியில் ஓட்டிப் பார்த்தால் எப்போதும் பூஜ்யத்தில்தான் தொடங்கும். நிஜச் சில்லு அவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. மின்சாரம் போய் வந்தால், வாய்க்கு வந்த எண்ணோடு கண் விழிக்கும்.

இதைக் கண்டுபிடித்தது ஒரு சோதனைப் பொறியாளர். அந்த அம்மாவுக்குக் குழுவில் பூதக்கண்ணாடி என்று பெயர், நான் வைத்ததுதான். 'மூன்றாவது மாதிரி தவறு. உயிர் காக்கும் கருவியில் யாரும் போட்டுவிடாதீர்கள்' என்று எழுதியிருந்தார். ஒரு 'சார்' இல்லை, ஒரு 'மன்னிக்கவும்' இல்லை. நிறுத்திவைத்தேன். பத்து நாள் கழித்து போன் வந்தது.

"என் பதிவு என்ன சார் ஆச்சு?"

"வரிசையில இருக்கும்மா."

"எனக்கு முன்னாடி யாரு சார் நிக்கிறாங்க? நேத்து எழுதினவங்களோடதெல்லாம் வந்துடுச்சே."

"தலைப்பு கேள்வியா இருக்கணும்னு விதி இருக்கேம்மா."

"தப்புன்னு தெரிஞ்ச பிறகு என்ன சார் கேள்வி? தலைப்பை நீங்களே மாத்திக்கோங்க. விஷயத்தை மட்டும் வெளியே விடுங்க."

நான் நியாயமானவன். அன்று மாலையே அந்த நிரலைப் போட்ட சில்லுப் பலகை ஒன்றை மேசையில் வைத்து, இருபது முறை மின்சாரத்தை நிறுத்திப் போட்டேன். ஏழு முறை தப்பான எண்ணோடு எழுந்தது. அவர் சொன்னது சரிதான். சரியாகச் சொல்வது வேறு. குழுவைக் கட்டிக்காத்தவனை நாலாயிரம் பேர் முன்னால் தலைகுனிய வைப்பது வேறு.

மறுநாள், நோயாளியின் உடம்பில் மருந்தை அளந்து ஏற்றும் பம்புகளை மருத்துவமனைகளுக்குச் செய்துகொடுக்கும் பொறியாளர் ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "சார், உங்க மூணாவது மாதிரியை எங்க பம்புல போடப்போறேன். கண்ணை மூடிட்டு நம்பலாமா?"

"தாராளமா போடுங்க தம்பி."

வேறென்ன சொல்வது? ஊருக்கு ஒன்று, தனியாளுக்கு ஒன்று என்று பேசுகிற ஆள் நான் இல்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு மருத்துவமனையில் கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம் போய் வந்தது. அந்தத் தம்பி செய்த பம்பில் எண்ணிக்கை, நிறுத்த வேண்டிய எண்ணைத் தாண்டிக் கண் விழித்தது. சரியாக அந்த எண்ணைத் தொட்டால்தான் பம்பு நிற்கும்; அது நிற்கவில்லை, இருந்த மருந்து மொத்தத்தையும் இறக்கிவிட்டது. படுத்திருந்தவர் ஒரு பஸ் ஓட்டுநர். மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். போட்டுக்கொண்டு போக, தேய்த்த சட்டை கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததாம். இதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் குணம் அப்படி.

செய்தி தெரிந்த அன்றே விட்டுப்போன வரியைச் சேர்த்துவிட்டேன். சத்தமில்லாமல்.

நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கும் கேள்விக்குப் பதில்: ஆமாம், தப்பு என்று தெரிந்தேதான் போடச் சொன்னேன். ஆனால் அந்த அம்மாவின் வாயை அடைத்தேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளாதீர்கள். அவர் பதிவை நான் அழிக்கவில்லை. இப்போதும் வரிசையில்தான் இருக்கிறது. தலைப்பைக் கேள்வியாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், இன்றைக்கே அனுமதிக்கிறேன்.