ரத்தத்தில் துரு

"மூச்சு முட்ட ஓடுனா ரத்தத்துல துரு புடிக்குமாம்டி," என்றாள் முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்த கனத்த பெண். வில்லியனூரிலிருந்து பாகூர் போகும் பஸ்ஸில் அதுவரை நான் யாரையும் கவனிக்கவில்லை.

"அப்புறம் இன்னாத்துக்கு ஓடுற?" என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

"என்ன மாதிரி குண்டா இருக்கறவங்களுக்கு மொதல்ல அப்படித்தான் ஆவுமாம். விடாம ஓடுனா ஒடம்பே அத்தச் சரி பண்ணிக்குமாம். அது நெஜமான்னு பாக்கத்தான் மெடிக்கல் காலேஜுல எங்க ரத்தத்த எடுக்கறாங்க. மூணு மாசமா ஓடறேன். இன்னிக்குக் கடைசி டெஸ்ட்டு."

"ரத்தம் எடுத்தாச்சா?"

"இல்ல. புதுசா எதுவும் சாப்புடாதீங்கன்னு சொல்லியிருந்தாங்க. நெல்லிக்கா அந்தத் துருவ எடுத்துடும்னாங்க, ரிசல்ட்டு நல்லா வரட்டும்னு நான் பத்து நாளா தின்னுட்டேன். அத்த டாக்டரம்மாகிட்ட சொன்னேன். நெல்லிக்காய வுட்டுட்டு இன்னும் ஒரு மாசம் ஓடிட்டு வான்னுட்டாங்க."

"யாருக்குத் தெரியப் போவுது? ஏண்டி சொன்ன?"

சீட்டுக்கு அடியில் ஜன்னலோரப் பெண்ணின் கால்களைப் பார்த்தேன். சேலைக்குக் கீழே ஷூ, குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது.

"ஓடுனது நானு. பேரு நெல்லிக்காய்க்குப் போவணுமா?"