நெக்குலாய் வீட்டுக்கு அடியில்

காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டால் காது மந்தமாகிவிடும், ஐயா. அதனால் வேலை நாட்களில் ஒரு கோப்பைக் காப்பியோடு நிறுத்திக்கொள்வேன். முப்பத்தோரு வருடமாக என் பிழைப்பு காதால்தான் ஓடுகிறது. இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்து, மண்ணுக்குள் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்வேன். நான் கைகாட்டிய இடத்தில்தான் தோண்டி, துருப்பிடித்த குழாயை எடுத்துவிட்டுப் புதிது போடுவார்கள்.

டான்யூப் கரை மண் உங்களுக்கே தெரியும். காய்ந்திருந்தால் சுவராக நிற்கும், நனைந்தால் கரைந்துவிடும்.

நெக்குலாய் என் தெருக்காரர். ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், வாய்த்துடுக்கு அதிகம். மார்ச் மாதம் தெருவே கூடியிருந்தபோது எங்கள் குடிநீர்த் துறைப் பொறியாளரிடம் சொன்னார்.

"இந்தச் செவிட்டு ஆள எதுக்கு சார் இன்னும் வச்சிருக்கீங்க? ஒரு மெஷின வாங்கிப் போடுங்க. ஆங்கேல் அண்ணன் காதுல ஈ பூந்தாக்கூட குழாய் ஒழுகுதுன்னு தெருவையே தோண்டிடுவாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. கோபம் என்று சொல்லமாட்டேன்.

ஏப்ரலில் அவர் சமையலறைக்கு அடியில் ஒழுக்கு கேட்டது. மெல்லிய சீறல்.

"என்னண்ணே, ஏதாச்சும் கேக்குதா? இல்ல, காதுக்கு பேட்டரி மாத்தணுமா?" என்றார் நெக்குலாய்.

"ஒண்ணுமில்ல. உங்க குழாய் கல்லாட்டம் இருக்கு."

பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் புதுக் குழாய் வந்தது. நான் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஜூன் மாதம் வெறும் பானைக்குள் தண்ணீர் ஊற்றுவது போலக் கேட்டது. அடியில் இனி மண் இல்லை என்று புரிந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் சமையலறை அப்படியே பூமிக்குள் இறங்கியது. நெக்குலாய் சூப்பு குடித்துக்கொண்டிருந்தாராம். மீட்புக் குழு என்னைத்தான் கூப்பிட்டது. ஊரிலேயே நல்ல காது என்னுடையதாம். கம்பியை ஊன்றினேன். மூன்று தட்டு, சற்று இடைவெளி, மறுபடி மூன்று தட்டு. அவர் எதனாலோ குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் மகள் இலியாங்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா இருக்காரா மாமா? சொல்லுங்க, உசுரு இருக்கா?"

"இல்லம்மா," என்றேன். அவள் அழுதது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

உயிர் இல்லை என்றதும், இன்னும் சரிகிற மண்ணில் ஆட்களை இறக்க வேண்டாம் என்று தோண்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

தெருவின் தண்ணீரை அடைத்த வால்வைப் பார்ப்பது என் பொறுப்பு. அதனால் தினமும் போனேன். போனபோதெல்லாம் கம்பியை ஊன்றிக் கேட்டேன். புதன்கிழமை மாலைதான் தட்டுவது நின்றது. அதுவரை நான் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.