ஒட்டடை அடிக்காத ஆலை

— ஒட்டடை அடிச்சியா? யாரைக் கேட்டுடா அடிச்சே, யோரிஸ்?

— முதல்ல உக்காருக்கா. இடுப்பு ஆபரேஷன் ஆகி, கோடை முழுக்க அங்கேயே கிடந்துட்டு இன்னிக்குத்தான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்கே. நீ வர்றதுக்குள்ள பீர் ஆலையைச் சுத்தம் பண்ணி வைக்கலாமேன்னு நீ போன கையோட ஆள் வச்சேன்.

— என்னமோ போ. பாலம் கட்டப் படிச்சவன்கிட்ட சாவியைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நீயும் இந்த வீட்டுல பொறந்தவன்தானே? பழ ஈ உள்ள இறங்குச்சுன்னா பீப்பாய் மொத்தமும் காடியாயிடும். அந்த ஈயைப் பிடிச்சுத் திங்க நமக்குச் சிலந்தியை விட்டா யாரு இருக்கா?

— மருந்து அடிக்கலாமான்னு கூட...

— அடிச்சியா?

— இல்லக்கா. நினைச்சதோட சரி.

— பொழைச்சே. நம்ம பீரைப் பொங்க வைக்கிறதே கூரை இடுக்குல வர்ற காத்துல மிதக்கிற ஈஸ்ட்தான். அதையும் கொன்னுருப்பே.

— கொஞ்சம் கேளுக்கா. பிரஸ்ஸல்ஸ்ல மத்தவங்க எல்லாம் எஃகுத் தொட்டிக்கு மாறியாச்சு. நாளைக்கு அந்தப் பெரிய கம்பெனிக்காரங்க ஆலையை விலை பேச வர்றாங்க. கட்டடமும் பேரும் அவங்களுக்குப் போதும். இந்த இடுப்பை வச்சுக்கிட்டு எத்தனை நாள் படியேறுவே?

— பேரை வாங்கி எதுல ஒட்டுவான்? முதல் உலகச் சண்டையில ஜெர்மன் சிப்பாய்ங்க ஊர்ச் செம்பை எல்லாம் பிடுங்கிட்டுப் போனப்போ, தாத்தாவோட அக்கா ஹெர்மினா மேல்மாடச் செம்புத் தொட்டிக்குக் கரி பூசி, உள்ள அழுக்குத் துணியை ஊறப்போட்டா. வந்தவன்கிட்ட, 'உன் சட்டையையும் கழட்டு, துவைச்சுத் தர்றேன்'னா. சண்டை முடியற வரைக்கும் துவைச்சா. அந்தத் தொட்டியிலதான் இன்னிக்கும் நம்ம பீர் ஆறுது.

— கதை தெரியும். கதை படியேறாது, நீதானே ஏறணும்.

— சரி, கீழே வா. ருசி பார்ப்போம். காடியாயிருந்தா நாளைக்குக் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

— சரி. கையைப் பிடிச்சுக்கோ. மெதுவா.

— பீப்பாய்த் துளையை அடைச்சிருக்கிற அந்த ஆணியைப் பிடுங்கு. தம்ளரை நேரா பிடிடா, தரைக்கா ஊத்தறே?

— நீயே குடி. எனக்கு எல்லாமே புளிப்புத்தான்... என்னக்கா, காடியா?

— நல்லாயிருக்கு. பச்சை ஆப்பிள் வாசனை. அடுத்ததைத் திற... இதுவும். கோடை முழுக்க வலையே இல்லாம எப்படிடா? இரு, விளக்கை அந்த மூலைக்குக் காட்டு.

— என்ன இருக்கு அங்க?

— புது வலை. முதுகுல வெள்ளைச் சிலுவை. இது தோட்டத்துச் சிலந்தி, இந்த இருட்டுக்குத் தானா வராது. நீ கொண்டுவந்து விட்டியா?

— சிலந்தியைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும், மறந்துட்டியா? எதிர்க்கடை இத்ரீஸ் அண்ணன் வேலை.

— ரொட்டிக்காரரா? அவர் ஒரு சொட்டுக் கூடத் தொட மாட்டாரே.

— ஒட்டடையைக் குப்பை வண்டியில ஏத்தறதைப் பார்த்துட்டு ஓடி வந்து, உன்னை விட மோசமாத் திட்டினாரு. அப்புறம் தினமும் தொழுதுட்டு வர்ற வழியில பூங்காச் செடியில தேடிப் பிடிச்சு, ஜாம் பாட்டில்ல கொண்டு வந்தாரு. மூக்கைப் பொத்திக்கிட்டுக் கீழே இறங்குவாரு, விட்டுட்டு ஏறுவாரு.

— அவருக்கு எதுக்குடா இந்தப் பாடு?

— நானும் கேட்டேன். 'கடை போட்ட நாள்லேருந்து உங்க கூரையைப் பார்த்த ஜன்னல்லதான் மாவு புளிக்குது தம்பி, வேற எங்க வச்சாலும் எழும்பல. விக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, நானும் அடுப்பை அணைக்கணும்'னாரு.